திறமையோ, சூதோ?

மாந்தர் தாம் செய்யும் பிழைக்கு நல்லதொரு பெயர் கிடைத்துவிடின், அதன்பின் அப்பிழையை விடுதல் மிக அரிதாகின்றது. இவ்வுண்மையை யாம் நூல்களிற் கற்றதுண்டு. ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் எம் இல்லத்துத் திண்ணையிலேதான் அதனை உள்ளபடி உணர்ந்தோம். அவ்வரலாற்றை நேயர்கட்குக் கூறுவதோடு, அவர்கட்கு யாம் பட்ட கடன் ஒன்றையும் தீர்க்க விழைகின்றோம்.

எம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தார் மாசித் திங்களிற் சொற்போர் ஒன்று நடத்தினமை பலர்க்கும் நினைவிருக்கும். 'குதிரைப் பந்தயத்திற் பணம் வைத்தல் திறமையின்பாற்படுமா, சூதின்பாற்படுமா?' என்பது பொருள். குலுக்குச் சீட்டு எடுத்ததில் எமக்குத் 'திறமை' என்னுங் கட்சி வாய்த்தது. சூதைப்பற்றிய வாதத்தில் எம் கட்சியை வகுத்ததே குலுக்குச் சீட்டு என்பதை அன்று யாம் எண்ணிப் பார்த்திலேம்.

வாதத்திற்கு வேண்டிய கருவிகள் குறைவின்றிக் கிடைத்தன. சென்னைக் கிண்டியிற் குதிரைப் பந்தயம் மிகப் பழைமையானது. அதனை நடத்தும் பந்தயக் கழகம் 1896-இல் அமைந்தது. 1974-இல், மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்த காலத்து, குதிரைப் பந்தயத்தையும் அதன்மேற் பணம் வைத்தலையும் ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. கழகத்தார் வழக்குத் தொடுத்தனர். 1986-இற் கழகத்தின் உடைமையையே அரசு மேற்கொள்ள மற்றொரு சட்டம் வந்தது. வழக்குகள் உச்சநீதிமன்றம் வரை சென்று, 1996-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் முடிவுற்றன. குதிரையின் பிறப்பு, பயிற்சி, அதனை ஊர்வோனது கைவன்மை ஆகியவற்றைப் பொறுத்தே வெற்றி அமைதலின், பந்தயம் பெரும்பான்மையுந் திறமையைச் சார்ந்ததேயன்றித் தற்செயலைச் சார்ந்ததன்று என்பது தீர்ப்பின் சாரம். இதனை யாம் உரத்த குரலிற் கூறியபோது அவையோர் கைகொட்டினர்.

ஆயின் வாதத்திற்காகப் படித்த காலை வேறு இரண்டு செய்திகளும் எம் கண்ணிற் பட்டன. அவை எம் கட்சிக்குக் கேடு விளைப்பன. எதிர்க்கட்சியார் அவற்றை அறிந்திலர். யாமும் வாய் திறந்திலேம். முதற்பரிசு எமக்கே வந்தது.

எம் ஊர் குடியாத்தம். ஆண்டிற் பல திங்கள் நீரின்றி மணலாய்க் கிடக்குங் கௌண்டினிய நதிக்கரையில், கைலித் தறியும் தீப்பெட்டியும் பீடியும் எம்மவர்க்குச் சோறிடுவன. மேற்கே பேரணாம்பட்டும் அதற்கப்பால் ஆம்பூரும் தோலாற் பிழைக்கும் ஊர்கள். எம் தாய்மாமனார் தோல் பதனிடுஞ் சாலையொன்றில் தரம் பிரிப்பவர். குவிந்து கிடக்கும் ஆட்டுத்தோலைக் கையால் தடவிய அளவில், உண்ணி கடித்த வடு, உரிப்போன் கத்தி பட்ட கீறல், உப்புப் போதாமையால் வந்த கேடு ஆகிய யாவுங் கூறிவிடுவார். ஆயா எழுபத்தைந்தைக் கடந்தவர். தறிக்குழியில் அமர்ந்து அமர்ந்து முதுகு கூனிவிட்டது. அம்மாவோ விடியலிற் பேருந்தேறி ஆம்பூர் சென்று, காலணியின் மேற்பாகந் தைத்து, இருட்டிய பின் மீள்பவர். எமக்குத் தமிழெழுத்தைக் கையைப் பிடித்துக் கற்பித்தவரும் அவரே.

ஓரிரவு உணவும் ஜெபமும் முடிந்தபின், பரிசாகப் பெற்ற நூலைக் காட்டி, எம் சொற்பொழிவைத் திண்ணையில் மீண்டும் நிகழ்த்தினோம். 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பிற்கு வந்தபோது, ஆயாவின் கையிலிருந்த பாக்குவெட்டி நின்றது. அம்மா எழுந்து உள்ளே சென்றார். யாம் ஏதோ பிழை செய்தாற்போல விழித்தோம். சிறிது நேரங் கழித்து மாமா வாய் திறந்தார்:

"நன்றாய்ப் பேசினாய், மாப்பிள்ளை. இதே தீர்ப்பைச் செய்தித்தாளிற் கத்தரித்து இந்தச் சுவரில்தான் ஒட்டி வைத்திருந்தேன். 'உச்சநீதிமன்றமே சூதன்று என்று சொல்லிவிட்டது, அம்மா' என்று உன் ஆயாவிடம் எத்தனை முறை பேசியிருப்பேன், தெரியுமா?"

அவர் கூறியதன் சுருக்கம் இது. 1993 முதற் பதினோராண்டு அவர் குதிரைகளின்மேற் பணம் வைத்தார். பந்தயப் புத்தகத்தை இரவெல்லாம் விளக்கடியில் வைத்துப் படிப்பார். 2001-இல் அம்மா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றார். ஆசிரியர் பயிற்சிக்கும் இடங் கிடைத்தது. வீட்டிலிருந்த இரண்டு தறிகளுள் ஒன்றை விற்று, அப்பணத்தை ஆயா மகன் கையிற் கொடுத்துக் கட்டி வரச் சொன்னார். கட்டுவதற்கு இன்னும் மூன்று நாள் தவணை இருந்தது. இடையே ஒரு பந்தயமும் இருந்தது. மாமா தெரிந்தெடுத்த குதிரை கடைசி வரை முன்னே ஓடி, ஒரு தலையளவிற் பின்னிட்டது. தவணை கழிந்தது. அம்மா அவ்வாண்டு பீடி சுற்ற அமர்ந்தார்.

"அப்போதும் விட்டேனா? விடவில்லை. மூன்றாண்டு கழித்து மற்றத் தறியையும் கேட்டேன். அம்மா ஒரு சொல்லும் வையவில்லை. 'நீயே பிரித்து எடுத்துக்கொண்டு போ' என்றாள். தறியில் பாதி நெய்த கைலி இருந்தது. பாவை அறுக்கக் கை வரவில்லை. அன்றோடு விட்டேன்."

யாம் மெல்ல, "அங்ஙனமாயின் நீதிமன்றங் கூறியது பொய்யா, மாமா?" என்று வினவினோம்.

"பொய்யென்று சொல்ல நான் யார்? குதிரைக்குத் திறமை உண்டு, ஓட்டியவனுக்கும் உண்டு. எனக்கு என்ன இருந்தது? தோலைத் தொட்டுத் தரஞ் சொல்கிறேன். தவறினால் மறுநாளே தெரிந்துவிடும், திருந்திக்கொள்வேன். அந்தக் குதிரையை நான் ஒருநாளும் தொட்டதில்லை. தோற்றபோதெல்லாம் என் கணக்கு சரி, குதிரைதான் தவறு என்று நினைத்தேன். திருத்திக்கொள்ள முடியாதது திறமையாகுமா?"

இவ்வினாவிற்கு எம்மிடம் விடையில்லை. ஆகவே சொற்போரில் யாம் மறைத்த அவ்விரண்டு செய்திகளையும் ஈண்டுக் கூறுதல் எம் கடன்.

முதலாவது, 'ஹாண்டிகாப்' என்னும் பந்தயத்தின் அமைப்பு. முன்பு நன்றாய் ஓடிய குதிரைமேல் மிகுந்த பாரமும், குறைந்ததன்மேற் குறைந்த பாரமும் ஏற்றுவர். எல்லாக் குதிரைகளும் ஒருங்கே வந்து சேர வேண்டும் என்பதே பாரம் வகுப்போனது குறிக்கோள். அவன் தன் தொழிலிற் சிறந்தவனாயின், குதிரைகளின் ஏற்றத்தாழ்வு பெரிதும் மறையும். மறையவே, பணம் வைப்போன் ஆராய்ந்து தேர்தற்கு எஞ்சுவது சிறிதாகும். திறமையை அளக்கும் களம் எனப்படுமிடத்தில், திறமையைச் சமன் செய்தற்கே ஒருவன் அமர்த்தப்பட்டுள்ளான்!

இரண்டாவது, பணத்தின் போக்கு. 1867-இற் பாரிசில் ஜோசப் ஒல்லர் என்பார் வகுத்த முறைப்படி, பலரும் வைக்கும் பணத்தை ஒன்றாய்த் திரட்டி, அதினின்று நடத்துவோர் பங்கையும் வரியையும் கழித்து, எஞ்சியதை வென்றோர்க்குப் பகிர்வர். சான்றாக, நூறு பேர் தலைக்குப் பத்து ரூபாய் வைப்பின் ஆயிரம் திரளும். அதில் இருநூறு கழியுமாயின், அந்நூற்றுவர்க்குந் திரும்புவது எண்ணூறே. அவருள் யார் எத்துணை அறிவுடையராயினும் எண்ணூறு ஆயிரமாகாது. ஒருவன் பெறுவதெல்லாம் மற்றொருவன் இழந்ததன் எச்சமே. பந்தயத் தொகை முழுவதற்கும் நூற்றுக்கு 28 என விதிக்கப்பட்ட சரக்கு, சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆயிற்று. இதனால் அவ்வெச்சம் பின்னுஞ் சுருங்குமன்றோ?

இனி, ஓடுவோரது நேர்மை. 1844-இல் இங்கிலாந்தின் எப்சம் நகரிற் புகழ்பெற்ற டெர்பிப் பந்தயம் நடந்தது. மூன்று வயதுக் குதிரைகளே ஓடற்குரிய அதில், 'ரன்னிங் ரெயின்' என்னும் பெயரில் வென்றது உண்மையில் நான்கு வயதுக் குதிரை. வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. குதிரையின் வயதைப் பல் காட்டும்; ஆதலின் குதிரையைக் கொணர்க என நீதிபதி பணிக்கவே, குதிரையைக் காணோம் என்றனர்! பரிசு இரண்டாவதாக வந்த 'ஒர்லாண்டோ'வுக்குச் சென்றது. இக்காலத்து ஒளிப்படமும் மருந்துச் சோதனையும் நடுவர் விசாரணையும் உண்டு. அவை வேண்டுவனவே. ஆயினும் எம் மாமா இழந்த பந்தயத்தில் யாரும் வஞ்சித்ததாக அவரே கூறவில்லை. நேர்மையாய் நடந்த பந்தயத்திலேயே ஒரு பெண்ணின் கல்வி போயிற்று என்பதை யாம் மறத்தல் கூடாது.

எம் பக்கத்து ஊர்களிற் பொங்கலையொட்டி எருது விடும் விழா நடைபெறும். குறித்த தொலைவைக் குறைந்த நொடிகளிற் கடக்கும் எருதுக்குப் பரிசு. ஆண்டு முழுதும் அதற்குத் தீனியிட்டு, நடை பழக்கி, உடன் உறங்கியவன் பரிசைப் பெறுங்கால் எவர்க்கும் மனக்குறை இல்லை; அஃது உழைப்பின் ஊதியம். வேலியோரம் நின்று நூறு ரூபாயை நீட்டுவோன் அவ்வுழைப்பில் யாது பங்குடையான்? எருதின் திறமையைத் தன் திறமையென அவன் எண்ணுதலே மயக்கத்தின் வேர்.

திருமறையிலும் சீட்டுப்போடுதல் வருகின்றது. மத்தியாவைத் தெரிந்தெடுத்தபோது அப்போஸ்தலர் சீட்டுப்போட்டனர். அதனால் ஒருவர் பொருளும் பறிபோகவில்லை. சிலுவையடியிற் சேவகர் சீட்டுப்போட்டதோ பிறனொருவனது அங்கிக்காக. குற்றம் சீட்டில் இல்லை. உழையாது பிறர் பொருளைக் கொள்ள நினைக்கும் நெஞ்சிலேதான் உள்ளது.

தமிழ் பயில்வோர்க்கு நளன் கதை புதிதன்று. குதிரையின் நெஞ்சறிந்து தேரூர்வதில் அவனை ஒப்பார் இல்லை. அத்தகையோனே சூதில் நாடிழந்தான். பின்னர் இருதுபன்னனுக்குத் தேரோட்டியபோது, மரத்தின் காய்களை நோக்கிய அளவில் எண்ணும் வித்தையை அவனிடம் பெற்று, அதற்கு ஈடாகத் தன் குதிரை வித்தையைக் கொடுத்தான். குதிரையறிவு வேறு, எண்ணறிவு வேறு என்பதை அக்கதை தெளிவாகக் காட்டுகின்றது. முன்னதை உடையோனும் பின்னதின்றிக் கெட்டான் எனின், இரண்டுமில்லா எம்போல்வார் நிலை என்னாம்? பின்னர் நளன் வென்று நாடு மீட்டான் என்று கூறி எம்மை மடக்குவாரும் உளர். இழந்த நாட்டை மீட்டதும் அவன் ஆட்டத்தை நிறுத்தினான் என்பதை அவர்க்கு நினைவூட்டுவோம்.

கிண்டியின் கதையும் இப்பொழுது வேறாயிற்று. 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு, ஆண்டொன்றுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகையில் விடப்பட்ட ஏறத்தாழ 160 ஏக்கர் நிலம் அது. வாடகை நிலுவையாக 730 கோடிக்கு மேல் செலுத்துமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கியது. அதன்மேலும் வழக்குகள் எழுந்தன. ஆயினும் களம் மூடினால் ஆசை மூடுமா? தமிழ்நாட்டிற் பரிசுச் சீட்டு 2003-இல் ஒழிந்தது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நடுவணரசு சட்டம் இயற்றியது. அதன் பின்னும் விடுதியறைகளிற் கைப்பேசியை நோக்கியபடி, 'இது திறமை ஆட்டந்தான்' என்று நண்பர் கூறக் கேட்கின்றோம். கேட்குந்தோறும் எம் மாமாவின் சுவரில் ஒட்டிய தாள் எம் கண்முன் வருகின்றது.

சட்டம் 'திறமை' என்று கூறுவது, அச்செயல் தண்டிக்கத்தக்கதோ அன்றோ என்று காண்பதற்கே. அச்சொல்லை நாம் வீட்டிற்குக் கொணர்ந்து, செய்யத்தக்கதோ என்னும் வினாவுக்கு விடையாக வைத்துக்கொள்ளல் ஆகாது. எமது குற்றமும் அத்தன்மையதே. வாதத்திறமை என்னும் நற்பெயரால் அறிந்த உண்மையை மறைத்தோம். பந்தயத்தில் வயதை மறைத்துக் குதிரையை ஓட்டியோனுக்கும் எமக்கும் வேற்றுமை சிறிதே. ஆகவே அன்று எம்மொடு எதிர்வாதஞ் செய்த நண்பர்கட்கு, 'உங்கள் கட்சியே வென்றிருக்க வேண்டும்' என்று இவ்விதழ் வாயிலாகக் கூறுகின்றோம்.

இக்கட்டுரையை அச்சுக்கு விடுக்குமுன் அம்மாவிடம் காட்டி, வெளியிட இசைவு வேண்டினோம். வேலையினின்று வந்த களைப்போடு முழுதும் படித்தார். தம்மைப்பற்றிய பகுதிக்கு ஒன்றுங் கூறினார் அல்லர். எழுதுகோலை வாங்கி, இரண்டிடத்துச் சந்திப்பிழை திருத்தி, "இனி அனுப்பு" என்றார்.