மறைந்திருப்பதும் பூட்டியிருப்பதும்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர் ஹால் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் ரவுட்டருக்கு இரண்டு ஐ.பி. முகவரிகள் உண்டு. வெளிப்பக்கத்து முகவரி இணைய நிறுவனம் கொடுப்பது. உள்பக்கத்து முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். வீட்டிலுள்ள கணினி, செல்போன், டி.வி., பிரிண்டர் எல்லாம் அதே வரிசையில் ஆளுக்கொரு எண் வாங்கிக்கொள்கின்றன. அதே எண்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கும், பிரேசிலில் ஏதோ ஒரு வீட்டிலும் இருக்கும். வீட்டைத் தாண்டினால் அவற்றுக்கு மதிப்பில்லை. வெளியே போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் உள்முகவரியை எடுத்துவிட்டுத் தன் வெளிமுகவரியைப் போடுவதும், பதில் திரும்பி வந்தால் கேட்டவருக்குப் பிரித்துக் கொடுப்பதும் ரவுட்டரின் வேலை. இந்த ஏற்பாட்டுக்கு நாட் என்று பெயர்.

நாட் பாதுகாப்புக்காகப் பிறந்ததல்ல. பழைய ஐ.பி. முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். அவை தீர்ந்துபோகும் என்ற கவலையில் 1994இல் முன்வைக்கப்பட்ட சிக்கன ஏற்பாடு அது. மறைவு அதனுடன் தானாகக் கிடைத்தது. உள்ளிருந்து யாரும் கேட்காமல் வந்து சேரும் பொட்டலத்தை எந்தக் கருவியிடம் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது. அதனால் அப்படியே கீழே போட்டுவிடும். வீட்டுக் கணினிகள் இணையத்தில் ஓரளவு நிம்மதியாக இருப்பதற்கு இந்தத் தற்செயல் பெரிய காரணம்.

அந்த மறைவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவியை வைத்துக் கணிக்கலாம். வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு கணினியிலிருந்து, பழைய முறையின் முகவரிகள் அனைத்தையும் ஒரு போர்ட்டில், அதாவது எண்ணிட்ட ஒரு கதவில், தட்டிப் பார்க்க அதற்கு 45 நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. சாதாரண வீட்டில் யார் வந்து எதைத் திருடப்போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். குறிப்பிட்ட வீட்டைத் தேடி யாரும் வர வேண்டியதே இல்லை. நிரல்கள் இரவு பகலாக எல்லா வீட்டையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகின்றன.

ஒரு முகவரியில் 65,536 போர்ட்டுகள் உண்டு. தட்டப்படும் போர்ட் மூன்றில் ஒரு விதமாக நடந்துகொள்ளும். திறந்திருந்தால் உரையாடலுக்குத் தயார் என்று பதில் தரும். மூடியிருந்தால் மறுப்பு அனுப்பும். கேட்காமல் வருவதைத் தடுக்கும் ஃபயர்வால் விழுங்கிவிட்டால் பதிலே வராது. கணினிப் பாதுகாப்பு நிபுணர் ஸ்டீவ் கிப்சன் நெடுங்காலமாக நடத்திவரும் ஷீல்ட்ஸ்அப் என்ற இலவசச் சோதனை இந்த மூன்றாவது நிலையை ஸ்டெல்த் என்று பாராட்டும். பதிலே வராததால் தட்டுகிறவருக்கு அங்கே ஆள் இருப்பது உறுதியாகத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் மூடிய போர்ட்டுக்கும் மௌனமான போர்ட்டுக்கும் இடையே காவலில் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டின் வழியாகவும் நுழைய முடியாது. திறந்த போர்ட் ஏதாவது உண்டா என்பதே அந்தச் சோதனையில் பார்க்க வேண்டிய விடை.

திறப்பு பெரும்பாலும் உள்ளிருந்தே நடக்கிறது. வீட்டிலுள்ள எந்தக் கருவியும் ரவுட்டரிடம் 'எனக்கு ஒரு வழி திற' என்று கேட்டுப் பெற உதவுவது யு.பி.என்.பி. என்ற வசதி. கேட்பது விளையாட்டு நிரலா, வைரஸா என்று ரவுட்டர் விசாரிப்பதில்லை. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை. இந்த வசதி உள்ளே மட்டும் பேச வேண்டியது. ஆனால் ரேபிட்7 நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வெளியிலிருந்து கேட்டாலும் பதில் சொன்ன முகவரிகள் 8 கோடிக்கு மேல் இருந்தன. வீட்டில் குறிப்பிட்ட தேவை எதுவும் இல்லையென்றால் யு.பி.என்.பி.யை அணைத்துவைப்பதே நல்லது.

சிசிடிவி கேமராவுக்கான திறப்பு இன்னும் ஆபத்தானது. வெளியூரிலிருந்து வாசலைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து, படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆரை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். டி.வி.ஆரின் பாஸ்வேர்ட் தொழிற்சாலையில் வைத்ததாகவே இருக்கும். 2016இல் பரவிய மிராய் என்ற நிரலுக்கு இது போதுமானதாக இருந்தது. அதனிடம் இருந்தது அறுபதுக்குச் சற்று அதிகமான பயனர் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் மட்டுமே. எல்லாம் 'அட்மின்', '1234' போன்ற தொழிற்சாலை வழக்கங்கள். அவற்றை வைத்து லட்சக்கணக்கான கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் ரவுட்டர்களையும் அது பிடித்தது. அந்தப் படையைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று பல தளங்களின் முகவரிகளைக் காட்டிக்கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல சேவைகள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. கேமராவின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. படம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

இன்றைய கேமராக்கள் பல வேறு வழியில் போகின்றன. தாமே தயாரிப்பாளரின் சர்வருக்கு இணைப்பு எடுத்து, செல்போன் செயலியை அங்கே சந்திக்கின்றன. போர்ட் திறக்க வேண்டியதில்லை. வீட்டுக் காவல் அந்த சர்வரின் நேர்மையையும் கவனத்தையும் சார்ந்ததாகிவிடுகிறது. படுக்கையறையில் அப்படியொரு கேமராவை வைக்காமலிருப்பதே சரி.

ரவுட்டரும் ஒரு கணினிதான். அதற்கும் நிரல் உண்டு, நிரலில் ஓட்டைகளும் உண்டு. 2011, 2012 ஆண்டுகளில் பிரேசிலில் சுமார் 45 லட்சம் டி.எஸ்.எல். மோடங்கள் கைப்பற்றப்பட்டன. திருடர்கள் உள்ளே மாற்றியது டி.என்.எஸ். அமைப்பை மட்டும். தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் அந்தச் சேவை அவர்கள் கைக்குப் போனதும், வங்கியின் பெயரைச் சரியாகவே தட்டச்சு செய்தவரையும் போலித் தளத்துக்குத் திருப்ப முடிந்தது. கணினியில் வைரஸ் தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை, ஏனெனில் கோளாறு கணினியில் இல்லை.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு உள்ள பாஸ்வேர்ட் வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறானது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருப்பதை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி தேவைப்படுகிறவர்கள் மிகக் குறைவு, அதையும் அணைக்கலாம். இணைய நிறுவனம் தனக்காக வைத்திருக்கும் தொலைநிர்வாக வழியை மட்டும் வாடிக்கையாளரால் பெரும்பாலும் தொட முடியாது. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு முடங்கியது அப்படிப்பட்ட வழியைத் தாக்க நடந்த முயற்சியால்தான். இந்த வழியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் தங்கள் சொந்த ரவுட்டர் ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள்.

இதுவரை சொன்னது கம்பி வழியாக வருகிறவர்களைப் பற்றியது. வைஃபை சுவரைத் தாண்டித் தெருவரை போகிறது. இந்தியாவில் இணைப்பு கொடுக்க வருகிறவர்கள் வைஃபை பாஸ்வேர்டாக வீட்டுக்காரரின் செல்போன் எண்ணையே வைத்துவிட்டுப் போவது சகஜம். பத்து இலக்கம் என்பதால் பலமானதாகத் தோன்றும். ஆனால் இந்திய செல்போன் எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கு இலக்கங்களில்தான் தொடங்குகின்றன. ஆகவே மொத்த சாத்தியங்கள் 400 கோடி. வைஃபையைப் பூட்டும் டபிள்யு.பி.ஏ.2 முறையில், ஒரு செல்போன் ரவுட்டருடன் இணையும் தருணத்தின் சமிக்ஞைகளைப் பக்கத்தில் நின்று ஒருமுறை பதிவு செய்தால் போதும். அதன் பிறகு வீட்டுக்குப் போய் நிதானமாக ஊகித்துப் பார்க்கலாம், ரவுட்டருக்குத் தெரியாது. விளையாட்டுக் கணினிகளில் இருக்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குச் சுமார் 10 லட்சம் ஊகங்களைச் சோதிக்கும். 400 கோடியையும் முடிக்க 4,000 நொடி, அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். வீட்டுக்காரரின் எண் தெரிந்த அண்டைவீட்டாருக்கு அதுவும் வேண்டாம். சம்பந்தமில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைத்தால் நினைவிலும் நிற்கும், இந்தக் கணக்கும் செல்லாது. 2018இல் வந்த டபிள்யு.பி.ஏ.3 முறை, பதிவு செய்துகொண்டு போய் ஊகிக்கும் வழியையே அடைக்கிறது. ரவுட்டரும் கருவிகளும் ஏற்றுக்கொண்டால் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

பொத்தானை அழுத்தினால் இணைக்கும் டபிள்யு.பி.எஸ். வசதிக்கு எட்டு இலக்க எண் ஒன்றும் உண்டு. ரவுட்டர் அதை இரண்டு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. அதை அணைத்துவிட வேண்டும்.

வைஃபையின் பெயரை மறைத்து வைப்பது பலர் பரிந்துரைக்கும் யோசனை. இதில் பயனைவிடக் கேடு அதிகம். ரவுட்டர் தன் பெயரை அறிவிக்காதபோது, அதோடு பழகிய செல்போன்தான் அதைத் தேடிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பேருந்து நிலையத்திலும் அலுவலகத்திலும் அது வீட்டு வைஃபையின் பெயரைச் சொல்லிக்கொண்டே திரியும். காற்றைக் கவனிக்கும் கருவி உள்ளவருக்குப் பெயர் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். தெரிந்த கருவிகளின் மேக் முகவரியை, அதாவது கருவிக்கே உரிய அடையாள எண்ணை, மட்டும் அனுமதிப்பதும் இதே ரகம்தான். அந்த முகவரி காற்றில் வெளிப்படையாகவே போகிறது, யாரும் நகலெடுக்கலாம்.

வைஃபைக்குள் நுழைந்துவிட்டவருக்கு நாட் தரும் மறைவு தடையே அல்ல. அவர் செய்வதெல்லாம் வெளியுலகுக்கு அந்த வீட்டின் முகவரியிலிருந்து வந்ததாகவே தெரியும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்குப் போன மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பாளரின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. காவல்துறை முதலில் போய் நின்றது அவர் வீட்டில்தான்.

புதிய ஐ.பி.வி6 முறை பழைய கணக்கை மாற்றிவிட்டது. முகவரிப் பஞ்சம் இல்லாததால் ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலக முகவரியே கிடைக்கிறது. நாட் தந்த மறைவு அங்கே இல்லை. ஒரு வீட்டுக்கு ஒதுக்கப்படும் முகவரிகளே கோடிகோடியாக இருப்பதால் வரிசையாகத் தட்டிப் பார்ப்பது நடக்காது. ஆனால் கருவி போய்வந்த தளங்களுக்கு அதன் முகவரி தெரியும். கேட்காமல் வருவதைத் தடுக்கும் ஃபயர்வால் ஐ.பி.வி6க்கும் இயங்குகிறதா என்று ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் இந்த முறை பரவலாகிவிட்ட பிறகும் பலர் இதைக் கவனிப்பதில்லை.

இணைய நிறுவனத்தின் கண்ணிலிருந்து மறைவது தனி விஷயம். தளத்தோடு நடக்கும் உரையாடல் பெரும்பாலும் மறையாக்கப்பட்டே போகிறது என்றாலும், எந்தத் தளம் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வி.பி.என். அதை மறைத்து, அதே தகவலை வி.பி.என். நடத்துகிறவரிடம் ஒப்படைக்கிறது. வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டதும் பல வி.பி.என். நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டன. ரவுட்டரில் திறந்து கிடக்கும் போர்ட்டை எந்த வி.பி.என்.னும் மூடாது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

விருந்தினருக்கான தனி வைஃபை இன்று பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு. வருகிற உறவினர்களின் செல்போன்களோடு டி.வி., கேமரா, ஸ்மார்ட் பல்புகளையும் அதிலேயே விட்டால், அவற்றில் ஒன்று கெட்டாலும் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியை எளிதில் எட்டாது. தயாரிப்பாளர் ஃபர்ம்வேரை (ரவுட்டரின் உள்நிரலை) புதுப்பிப்பதை நிறுத்திவிட்ட ரவுட்டரை, நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், மாற்றிவிட வேண்டும். பழையதைக் காயலான் கடைக்குப் போடும் முன் ரீசெட் துளையில் ஊசியைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் வீட்டின் பாஸ்வேர்டுகள் அதிலிருந்து அழிந்துவிடும்.