அவார்ட்ஸ் எய்ட் ஆன கதை

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே. பாட்டைக் கேக்கறது போய் பாக்கறதுன்னு ஆனது, எங்களுக்கு தூர்தர்ஷன் 'ஒளியும் ஒலியும்' வந்தப்புறம்தான். வெள்ளிக்கிழமை ஆனா விழுப்புரத்துல எங்க தெருவே டிவி இருக்கற வீட்டுக்குள்ள இருக்கும். திண்டிவனத்துல மாமா வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான்.

ஆனா அந்தப் பாட்டைப் படமாக்கினது யாருன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. 'திருடா திருடா'வுக்கு சுந்தரம், 'மின்சார கனவு'க்கு பிரபுதேவான்னு நடனத்துக்கு தேசிய விருது கிடைச்சிருக்கு. பாட்டோட வீடியோவுக்கே விருதுன்னா அது எம்டிவி சமாசாரம். அமெரிக்காவில் 1984-ல் ஆரம்பிச்சாங்க. ஜப்பானுக்குன்னு தனியா 2002-ல் 'வீடியோ மியூசிக் அவார்ட்ஸ் ஜப்பான்' வந்தது.

2011 மார்ச் 11, நிலநடுக்கம், சுனாமி. அந்த ஜூன்ல விழா நடந்தது. ஆனா பேர்ல 'அவார்ட்ஸ்' இல்லை, 'எய்ட்'னு மாத்திட்டாங்க! லேடி காகா வந்து பாடினாங்க. நோக்கம், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்டுறது. அடுத்த வருஷம் பழைய பேர் திரும்பிடுச்சு. யாருக்கும் ஒண்ணும் குறைஞ்சு போகலை.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல்ல, திண்டிவனம் பக்கத்துல இருக்கற மயிலத்துல ஒரே நாள்ல 51 செ.மீ. மழை. எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி, கரண்ட் கிடையாது. கட்டில் மேல உக்காந்திருந்தப்ப எனக்கு அந்த ஜப்பான் விழாதான் ஞாபகம் வந்தது. சென்னையில் சினிமா விருது விழாக்களுக்கா பஞ்சம்? புயல் அடிச்ச வருஷம் மட்டும் ஒரே ஒரு விழா 'விருதை' எடுத்துட்டு 'உதவி'ன்னு போட்டா, கோப்பை கோவிச்சுக்குமா என்ன? :)

நீங்க என்ன சொல்றீங்க?