உமிச்சாம்பலும் ஒரு சவ்வும்

2024 டிசம்பர் முதல் வாரத்தை நாங்கள் மறப்பதற்கில்லை. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பின்னும் மழை விடவில்லை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, ரயில்கள் நின்றன. அம்மா திண்டிவனத்தில், பிள்ளைகள் நாங்கள் விழுப்புரத்தில். ஆஸ்துமா உள்ள அவருக்கு நெபுலைசர் வேண்டும். நெபுலைசருக்கு மின்சாரம் வேண்டும். எதிர்வீட்டு ஜெனரேட்டர் டீசல் தீரும் மட்டும் ஓடிற்று. "நீங்க யாரும் பதறாதீங்கப்பா, நான் உட்கார்ந்தே தூங்கிக்கறேன்" என்றார் தொலைபேசியில். படுத்தால் மூச்சு முட்டும் என்பதன் மறுபெயர் அது.

எரிபொருள் மின்கலத்தைப் பற்றி நாங்கள் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். விஷயம் புதிதல்ல, 1839 வாக்கிலேயே வில்லியம் குரோவ் என்ற வேல்ஸ்காரர் (தொழிலால் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி) செய்து காட்டியது. ஒருபுறம் ஹைட்ரஜன், மறுபுறம் காற்று, நடுவில் ஒரு சவ்வு. புரோட்டான்கள் சவ்வின் வழியே கடக்க, எலெக்ட்ரான்கள் கம்பியைச் சுற்றி வருகின்றன. புகையில்லை, இரைச்சலில்லை, மிஞ்சுவது நீர்.

இவ்வளவு எளியது ஏன் வீடுகளுக்கு வரவில்லை? காரணங்கள் பல. எங்களை ஈர்த்தது ஒன்று: அந்தச் சவ்வு நனைந்தே இருக்க வேண்டும். நஃபியான் என்னும் பாலிமர்ச் சவ்வில் புரோட்டான்கள் நீரைப் பற்றிக்கொண்டே நகர்கின்றன. வெப்பத்தில் உலர்ந்தால் வழி அடைபடுகிறது. ஆகவே ஈரமூட்டி, பம்பு, குழாய்கள். இவையெல்லாம் விளைந்த மின்சாரத்திலேயே ஒரு பங்கைத் தின்கின்றன. கலத்தைவிடக் கலத்தின் பரிவாரம் பெரிது.

பரிவாரத்தைக் குறைக்கும் வழி சவ்வுக்குள்ளேயே இருந்தது. மிக நுண்ணிய சிலிக்காத் துகள்களைப் பாலிமரோடு கலந்தால் அவை நீரைப் பிடித்து வைக்கின்றன. 1996இல் ஜப்பானில் வத்தனாபே குழுவினர் பிளாட்டினத் துகள்களையும் சேர்த்து, தன் ஈரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் சவ்வைச் செய்தனர். 2007இல் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் ஏ.கே.சுக்லாவும் சகாக்களும் நஃபியான்-சிலிக்காக் கலப்புச் சவ்வைப் பற்றி எழுதினர். அளவு மிஞ்சினால் சவ்வு நொறுங்கும் என்பதும் உண்மை.

அவர்கள் சிலிக்காவை எடுத்தது வேதிக் கரைசலிலிருந்து. ஆனால் எங்கள் பக்கத்து அரிசி ஆலைகள் கொட்டும் உமிச்சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காதான். 700 டிகிரியைத் தாண்டாமல் பக்குவமாக எரித்தால், நீரைப் பிடிக்கும் நுண்துகளாகவே அதைப் பெறலாம். உமிக்கரியால் பல் துலக்கி வளர்ந்தவர்கள் நாங்கள். வாயில் இருந்தது இன்னதென்று அறிய இத்தனை ஆண்டுகள் ஆயின.

பொங்கலுக்குப் போனபோது அம்மாவிடம் இதையெல்லாம் உற்சாகமாக விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார்.

"டீசல் வேணாமா அதுக்கு?"

"வேணாம்மா. ஹைட்ரஜன் இருந்தா போதும்."

"அது எந்தக் கடையில கிடைக்கும்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் கடைவீதிக்குப் போய் ஓர் இன்வெர்ட்டர் வாங்கி மாட்டிவிட்டு விழுப்புரம் திரும்பினோம்.