கரையிலும் விடாத பயம்

ஏப்ரல் 18

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. ஜூன் 14 வரை 61 நாள் அண்ணன் மணமேல்குடி வீட்டில்தான்.

மதினிக்கு மட்டும் ஓய்வில்லை. நடுராத்திரியில் எழுந்து கேஸ் சிலிண்டரைத் திருகிப் பார்க்கிறார். காலேஜுக்குப் போன மகள் ஒரு தடவை போனை எடுக்காவிட்டால் கை நடுங்குகிறது. பிடரி வலிக்குத் தைலம், வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை, படபடப்புக்கு இ.சி.ஜி. எல்லாம் பார்த்தாயிற்று, கயிறு மந்திரித்துக் கட்டியும் ஆயிற்று. "கடலுக்குப் போறவனுக்கு வாக்கப்பட்டவளுக்குப் பயம் இல்லாம இருக்குமா?" என்கிறது தெரு. ஆள் கரையில் இருக்கும்போதும் ஏன் இந்தப் பாடு என்று யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 25

மதினியைப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மனநலப் பிரிவுக்குள் நுழையும்போது முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா கேட்டார்: "அவர் வீட்ல இருக்கிறப்பவாவது நிம்மதியா இருக்கீங்களா?"

மதினி யோசித்தார். "இல்லம்மா. அது போனா இன்னொண்ணு வந்துருது."

ஒரே காரணத்தில் நிற்காமல் ஒன்று மாற்றி ஒன்றாக, ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள் கட்டுக்கடங்காத கவலை. கூடவே தூக்கமின்மை, அசதி, தசை இறுக்கம், எரிச்சல். இப்படி இருந்தால் அது சுபாவமல்ல, பதற்ற நோய் என்றார். தைராய்டு கோளாறும் இதே படபடப்பைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்.

மே 9

தைராய்டு சரியாக இருக்கிறது. எஸ்சிட்டலோபிராம் மாத்திரை தொடங்கியாயிற்று. குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும். தெரிந்த பிறகும் நாமாக நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டில் நல்ல எண்ணத்தோடு நீட்டிய அல்பிரசோலத்தை வேண்டாமென்றோம். உடனே அமைதி தரும். நாள்பட எடுத்தால் அது இல்லாமல் இருக்க முடியாமல் போகும்.

மருந்தோடு பயிற்சியும் உண்டு. ஒவ்வொரு முறை சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கும்போதும் மனசு கொஞ்சம் அடங்குகிறது. பார்த்ததால்தான் ஆபத்து வரவில்லை என்று அது நம்பிக்கொள்கிறது. அடுத்த பயம் அங்கேதான் முளைக்கிறது. அதனால் இரவில் ஒரு தடவைக்கு மேல் பார்ப்பதில்லை என்று முடிவு. கவலைப்படவும் நேரம் குறித்தாயிற்று: சாயங்காலம் அரை மணி, ஒரு நோட்டு. இடப்பக்கம் தன்னால் செய்யக்கூடியது, வலப்பக்கம் தன் கையில் இல்லாதது. இன்று இடப்பக்கத்தில் எழுதியிருந்தார்: "சிலிண்டர் டியூப் பழசு, மாத்தணும்." மாற்றிவிட்டோம்.

மே 23

'மனநல டாக்டர்' என்றாலே ஊர் வேறு மாதிரி பார்க்கிறது. ஆனால் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010-இல், தீவிர மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் ஸ்கார்ஃப் நிறுவனம் ஒரு பேருந்தையே மருத்துவமனையாக்கிக் கிராமங்களுக்கு அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் உட்கார்ந்து, சென்னையிலிருக்கும் மனநல மருத்துவரிடம் திரை வழியாகப் பேசுவார். மருந்து அங்கேயே இலவசம். அந்நிறுவனத்தை 1984-இல் தொடங்கியவர் டாக்டர் சாரதா மேனன். தீவிர மனநோய்க்கே வாசலில் வைத்தியம் பார்த்த மாவட்டம் இது. பதற்ற நோயை மறைத்து வைக்க என்ன அவசியம்?

ஜூன் 14

இன்றோடு தடை முடிகிறது. அண்ணன் ஐஸும் டீசலும் ஏற்றப் போயிருக்கிறார். மதினிக்குப் பயம் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்ததை இந்தக் கரை மறக்கவில்லை. இலங்கைக் கடற்படையிடம் சிக்கிய படகுகள் ஜெகதாபட்டினத்துக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் புதிதல்ல. அந்தப் பயத்தை மாத்திரை போக்காது, போக்கவும் கூடாது. ஆனால் நேற்று மதினி விடியும்வரை தூங்கினார். மகளுக்கு ஒரே ஒரு தடவைதான் போன் செய்தார்.

எங்கள் மகளிர் குழுவில் சொல்லப்போகிறேன்: கடல்காரர் வீட்டில் கவலை சகஜம் என்று சொல்லிச் சொல்லியே நோயை மூடி வைத்திருக்கிறோம். நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். கடல் தரும் பயத்துக்கு அரசுகள் பதில் சொல்லட்டும். இந்த நோய்க்கு வைத்தியம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம்.