ஆயாவின் குரல்

போன வாரம் அரூர் போயிருந்தேன். "ஆயா கதை சொன்னதைப் போடு கண்ணு, கேக்கணும் போல இருக்கு" என்றார் அம்மா. 2019-ல் தீர்த்தமலைப் படியில் உட்கார்ந்து ஆயா பேசியதை செல்போனில் பதிவு செய்து, ஹார்டு டிஸ்கில் ஏற்றியிருந்தேன். 'அதான் பேக்கப் இருக்கே' என்று செல்போனில் அழித்தும்விட்டேன். இப்போது டிஸ்கைச் செருகினால், டிக் டிக்கென்று சத்தம் மட்டும்தான். திறக்கவே இல்லை.

இத்தனைக்கும் பேக்கப் பற்றிச் செய்தி எழுதியவள் நான்! 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் முதன்மை டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால், அந்த இடம் காலி. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் பேக்கப் பதிவாகாமலே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்த நகல்தான் காப்பாற்றியது. இடையில் சேர்ந்த தகவல்கள் போனது போனதுதான். ஒரே ஒருமுறை யாராவது அந்த பேக்கப்பைத் திறந்து பார்த்திருக்கலாம். நானும்தான்.

"பாப்பிரெட்டிப்பட்டி சித்திக்கு அனுப்பினியே?" என்றார் அம்மா. சித்தியின் வாட்ஸ்அப்பில் 40 விநாடித் துண்டு ஒன்று இருந்தது. மூன்று இடங்களில் ஏற்றி, மூன்றிலும் போட்டுக் கேட்டோம். மூன்று முறையும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.