கனமான லென்ஸும் ஆயாவின் பணமும்

எட்ட நிற்கும் பறவையைக் கிட்டக் காட்டும் பெரிய லென்ஸ் ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, என் தமக்கை மகன் பெங்களூரிலிருந்து தங்கவயலுக்கு வந்தான். திருமணங்களைப் படமெடுத்துப் பிழைப்பவன் அவன். பறவைகளையும் காட்டு விலங்குகளையும் படமெடுக்கும் தொழிலுக்கு மாற வேண்டுமென்பது அவனது நெடுநாளைய ஆவல். ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு எதைக் கண்டாலும் எடை கேட்கும் வழக்கம் உண்டு. 1999இல் வெளிவந்த கேனன் கம்பெனியின் அந்த 600 மில்லிமீட்டர் லென்ஸ் மட்டுமே 5 கிலோ 360 கிராம். காமிரா, முக்காலி, பெட்டி யாவும் சேர்ந்தால் ஒரு கைக்குழந்தையைத் தூக்கி நடப்பதைவிடக் கடினம்.

இத்தனை கனம் எதற்கு என்று வீட்டார் வினவினர். குவியத்தூரம் 600 மி.மீ. என்றால், அதில் நான்கில் ஒரு பங்காகிய 150 மி.மீ. அகலத்துக்கு வாய் திறந்தால்தான் விடியற்கால மங்கல் ஒளியிலும் மிகக் குறுகிய நேரத்தில் படம் பதியும். நேரம் நீண்டால் அசையும் சிறகு கலங்கிவிடும். அத்தனை அகலத்துக்கும் கண்ணாடி வேண்டும், கண்ணாடியோ கனம். 2018இல் வெளிவந்த புதிய லென்ஸை 3 கிலோ 50 கிராமாகக் குறைத்துவிட்டனர். ஆனால் இவ்வகைப் புதிய லென்ஸ்களின் விலை பத்து இலட்ச ரூபாயைத் தாண்டிவிடுகிறது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது அவன் பாட்டனாருக்குக் கிடைத்த தொகையில் மிஞ்சியது, ஆயாவின் பெயரில் அஞ்சலகத்தில் இருக்கிறது. பிள்ளையின் கண் அதன்மீதுதான்.

மறுநாள் வைகறையில் பேத்தமங்கலம் ஏரிக்குச் சென்றோம். தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பாலாற்று ஏரி அது என்பதை நம்மவர் அறிவர். இத்தகைய லென்ஸைக் காமிராவைப் பிடித்துத் தூக்கலாகாதாம். இரண்டையும் இணைக்கும் வளையம் கனம் தாங்காது. லென்ஸின் அடியிலுள்ள காலைப் பற்றியே தூக்க வேண்டும். முக்காலியின்மேல் ஊஞ்சல் போன்ற தலையைப் பூட்டி, எடை இருபுறமும் ஒத்து நிற்குமாறு அமர்த்திவிட்டால் ஒரு விரலால் திருப்பலாம். அப்போது அக்கனமே துணை. சிறு காற்றுக்கு அது அசைவதில்லை. ஆயினும் எழுந்து இடம் மாற மனம் வருவதில்லை. ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தோம். நீர்க்காகம் ஒன்று எங்களைப் பொருட்படுத்தாது, பட்டுப்போன மரக்கட்டையில் ஏறிச் சிறகை விரித்து உலர்த்தியது. அலகு நுனியின் கொக்கியும் அதிலிருந்து சொட்டும் நீரும் படத்தில் தெளிவாக விழுந்தன.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் ஏரிக்கரையில் கானல் நெளிந்தது. சயனைடு மேடுகளின்மேல் கோடைப் பகலில் நாம் காணும் அதே நெளிவுதான். லென்ஸ் பறவையைப் பெரிதாக்குவது போலவே இடையிலுள்ள கானலையும் பெரிதாக்கிற்று. அதன்பின் எடுத்த படங்கள் உருகிய மெழுகு போலக் குழம்பின. எத்தனை இலட்சம் கொடுத்தாலும் இதற்கு மருந்தில்லை. கிட்டச் செல்வதே வழி.

கிட்டச் செல்வதில் வல்லவராய் விளங்கியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன்; நம் கர்நாடகத்துச் சண்டூரிலும் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர். ஒரு காமிராவின் உடலையும் வேறொரு கம்பெனியின் தொலை லென்ஸையும் தாமே இணைத்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். அதைச் சுமந்து அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்களே. யானையின் குணம் அறிந்திருந்ததே அவருடைய உண்மையான மூலதனம் என்பேன்.

ஆகையால் பிள்ளையிடம் சொன்னேன்: “டாம்ரான், சிக்மா கம்பெனியாரிடம் 150 முதல் 600 மி.மீ. வரை நீளும் லென்ஸ்கள் 2 கிலோ அளவில் கிடைக்கின்றன. அதில் ஒன்றை வாங்கி ஓராண்டு இந்த ஏரியைச் சுற்று. பெரியதை வேண்டும்போது வாடகைக்கு எடு.”

அவன் முகம் வாடியது. “அவற்றின் வாய் சிறியது, மாமா. விடியற்கால ஒளிக்குப் போதாது. படம் வாங்குகிறவர்களோ அந்த ஒளியைத்தான் கேட்கிறார்கள்” என்றான். அதிலும் நியாயம் உண்டு. மறுமொழி எனக்குத் தோன்றவில்லை.

அவன் ஆயா நீர்க்காகப் படத்தை நெடுநேரம் பார்த்தார். தை மாதத்தில் பணம் முதிர்கிறது, அதுவரை வாடகைக்கே எடுக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். மார்கழியில் இரண்டு நாள் விடுப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முக்காலியைச் சுமக்க ஓர் ஆள் வேண்டுமாம்.