பிடியும் வீழ்வும்

குத்து, உதை, தடுப்பு ஆகியவற்றை ஒருவர் தனித்து நின்றே ஓரளவு கற்றுக்கொண்டுவிட முடியும். மொட்டைமாடி, ஒரு கண்ணாடி, தொங்கவிட்ட மணல்மூட்டை, நடைபாதைக் கடையில் வாங்கிய கராத்தே நூல் ஒன்று. இவை போதும். பல ஆண்டுகள் நான் அப்படித்தான் பயின்றேன். அந்தத் தனிமைக்கென்று ஓர் இனிமையும் உண்டு. ஆனால் எறிதலையும் தரைப்பிடியையும் பயிற்சியில் சேர்க்க முனைகிறவர் அந்தத் தனிமையின் எல்லையைச் சில நாட்களிலேயே தொட்டுவிடுவார். மணல்மூட்டை எத்தனை குத்துகளையும் வாங்கிக்கொள்ளும். தன் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு ஒருபோதும் மாற்றாது. எறிதல் என்பதோ அந்த மாற்றத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஜூடோவில் எறிதலை மூன்று படிகளாகப் பகுப்பார்கள். குசுஷி எனப்படும் நிலைகுலைத்தல், சுகுரி எனப்படும் உடலைப் பொருத்திக்கொள்ளுதல், காகே எனப்படும் எறிந்து முடித்தல். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது மூன்றாவது மட்டுமே. காரியம் முடிவாவது முதலாவதில். காலை வாருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிலிருப்பவர் அடியெடுத்து வைக்கும்போது, அவருடைய எடை அந்தப் பாதத்தில் இறங்கத் தொடங்கும் கணத்தில் வாரவேண்டும். சற்று முந்தினால் அவர் காலைத் தூக்கிக்கொள்வார். சற்றுப் பிந்தினால் அது வேரூன்றிவிடும். அந்தக் கணத்தை எந்தப் படமும் காட்டித் தராது. அவருடைய சட்டைக் கழுத்தைப் பற்றியிருக்கும் என் கைதான் அதைக் கேட்டுச் சொல்ல வேண்டும்.

இதனால் நூல்வழிக் கல்வியை இகழ வேண்டியதில்லை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவே (1860-1938) நூலைப் புரட்டியவர்தான். ஜூஜுட்சு மாணவராக இருந்த இளமையில், ஃபுகுஷிமா என்ற பேருடல் கொண்ட சகமாணவரை அவரால் வீழ்த்த முடியவில்லை. சுமோவில் உத்தி தேடினார்; பலிக்கவில்லை. பிறகு நூலகத்துக்குச் சென்று மேலைநாட்டு மல்யுத்த நூலொன்றிலிருந்து, எதிரியைத் தோள்மீது ஏற்றி வீழ்த்தும் முறையை எடுத்துக்கொண்டார். 1882இல் டோக்கியோவில் அவர் நிறுவிய கோடோகன் மரபில் அது கதா-குருமா, அதாவது தோள்சக்கரம் என்று இன்றும் கற்பிக்கப்படுகிறது. உத்தியைத் தந்தது நூல். அது மெய் என்று சொன்னது ஃபுகுஷிமாவின் உடல். தாமே பயில்கிறவர்கள் தேடிக்கொள்ள வேண்டியது அப்படியொரு ஃபுகுஷிமாவைத்தான்.

எங்கள் ஊர்ப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தபோது முதலில் கற்பிக்கப்பட்டது எறிவதன்று, விழுவது. உகெமி என்பார்கள். மோவாயை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காத்துக்கொள்வது, முன்கை முழுவதாலும் தரையை அறைந்து அதிர்ச்சியைப் பரப்புவது, கையை ஊன்றித் தாங்கும் இயல்பூக்கத்தை அடக்குவது. ஊன்றிய கையில்தான் மணிக்கட்டும் காறை எலும்பும் முறிகின்றன. நாற்பதைக் கடந்தவருக்கு இது சிறிய செய்தியன்று. விழத் தெரியாதவருடன் எவரும் முழுமனத்தோடு பயில மாட்டார்கள் என்பதும் உண்மை.

தரைப்பயிற்சியில் இன்னொரு பாடம். பிடியில் சிக்கியவர் கையால் தட்டினால், பிடித்தவர் உடனே விட்டாக வேண்டும். கழுத்தை இறுக்கும் பிடியில் மூளைக்குச் செல்லும் குருதி தடைபட்டுச் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும் என்பதால், தட்டுவது வெறும் மரியாதையன்று, உயிர்க்காப்பு. வகுப்பறையில் என் சொல்லுக்கு எதிர்ச்சொல் எழுவது அரிது. இங்கோ என் மாணவர்களின் வயதுடைய இளைஞர் என்னைத் தரையோடு அழுத்திக்கொண்டு, “சார், மூச்ச அடக்காதீங்க” என்கிறார். நான் தட்டுகிறேன். அவர் விடுகிறார். எழுந்து வணங்கி மறுபடி பிடித்துக்கொள்கிறோம்.

இதில் தொடுதல் பற்றியும் சொல்ல வேண்டும். யாரைத் தொடலாம், யாரைத் தொடலாகாது என்று நூற்றாண்டுகளாகக் கணக்கு வைத்திருந்த மண் நம்முடையது. கருத்தளவில் அந்தக் கணக்கை நம்மில் பலரும் மறுத்துப் பேசவும் எழுதவும் செய்கிறோம். ஆனால் முன்பின் அறியாத ஒருவரின் வியர்வை நம் கன்னத்தில் படிய, அவர் மூச்சை நம் காதருகே கேட்டபடி கிடப்பது வேறு. மறுப்பு கருத்திலிருந்து தோலுக்கு வந்து சேர்கிற இடமாக அந்தத் தரைவிரிப்பு எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் படித்தவனுக்குக் கிடைத்த உபரி வரவு ஒன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் பாடிய 80ஆம் புறப்பாட்டைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியிட்டிருக்கிறது. மறு கால் அவனுடைய எதிர்முயற்சியைத் தடுத்தபடி பின்புறம் இருக்கிறது. மூங்கிலைத் தின்ன முயலும் பசித்த யானைபோல, தலையும் காலுமாகிய இரு முனைகளும் முறிய அவன் மோதுகிறான். முன்பு இது எனக்கு வீரப்புகழாக மட்டும் ஒலித்தது. இப்போது அது கண்ணால் கண்ட ஒருவரின் துல்லியமான குறிப்பாகவும் கேட்கிறது. மார்பை அழுத்தினால் மட்டும் போதாது, காலையும் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு முனையை விட்டால் கீழே கிடப்பவன் அந்த வழியாகத் திரும்பிவிடுவான். தரையில் கிடந்தவர்களுக்கு அது விளங்கும்.

மொட்டைமாடிப் பயிற்சியை நான் கைவிடவில்லை. ஆனால் காற்றில் உதைக்கும்போதுகூட, ஊன்றிய காலில் எடை எப்போது இறங்குகிறது என்று இப்போது கவனிக்கிறேன். எதிரே ஒருவர் இருந்தால் அந்தக் கணத்தில்தானே வாருவார்.